பெரியகல்லாற்றுக் கிருமி

புளியந்தீவில் வாவிக்கரையோரம் இருக்கும் ஒஸ்வல்டின் கோழிகள் இருமத் தொடங்கி, முட்டை பாதியாய்க் குறைந்து, சில செத்தும் போயின. மிருக வைத்தியர் றிஸ்லா வந்து, கோழிகளின் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார். இன்று முடிவோடு வந்திருக்கிறார்.

"வைரஸ்தான் அங்கிள். அதிட மரபணுவ எழுத்தெழுத்தா வாசிச்சிருக்காங்க. அச்சொட்டா இதே வைரஸ் இன்னும் ஒரேயொரு பண்ணையிலதான் இருக்கு. பெரியகல்லாத்தில."

ஒஸ்வல்டின் முகம் சுண்டிப்போயிற்று. பெரியகல்லாற்றில் கோழி வளர்ப்பவன் அவருடைய தம்பி எறோல். அப்பாவின் தோணியைக் கேளாமல் விற்றுவிட்டான் என்று அவனோடு பேச்சை முறித்து வருடக்கணக்காகிறது. தோணியாவது மண்ணாவது, எல்லாம் வீம்புதான்.

"அவனுக்கும் எனக்கும் போக்குவரத்தே இல்ல டொக்டர்."

"ஆரோ போய் வந்திருக்காங்க அங்கிள். வைரஸ் தானா பஸ் ஏறி வராது."

குசினி வாசலில் நின்ற அவர் மனைவி வயலட் கவுண் நுனியைப் பிசைந்தாள்.

"எறோல்தான் வாறவன். ஞாயிறு நீங்க பூசைக்குப் போனாப்பிறகு. கூட்டுக்குள்ள போய்க் கொஞ்சநேரம் நிப்பான். போகக்குள்ள, அண்ணன் நல்லாச் சாப்பிடுறாரா எண்டு கேப்பான்."

கத்துவார் என்றுதான் அவள் பயந்தாள். மனுசனோ கோழிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பெடியன்களாக இருந்தபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்து முதிரைப் பலகையில் அடித்த கூடு அது. ஆணியைப் பிடித்தவன் எறோல். சுத்தியலால் அவன் விரலில் போட்டவர் இவர். அழாமல் சிரித்தான், பாவி. வீங்கின விரலோடு வாவியில் குதித்தான், இவரும் பின்னால் குதித்தார். அப்படியொரு காலம் இனி எங்கே கிடைக்கப்போகிறது?

"அவர இனி வர வேணாம் எண்டு சொல்லுங்க," என்றார் றிஸ்லா. "இல்லாட்டி வாசலிலேயே மருந்துத் தண்ணியில காலக் கழுவி, இங்க வச்சிருக்கிற செருப்பப் போட்டுத்தான் கூட்டுக்குள்ள போகணும். அங்கயிருந்து வாற செருப்பு உள்ள வரவே கூடாது."

"வர வேணாம் எண்டு நான் சொல்ல மாட்டன்," என்றார் ஒஸ்வல்ட்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போகவில்லை. இத்தனை வருடம் இந்த வீம்பரைப் பொறுத்த ஆண்டவர் இதையும் பொறுத்துக்கொள்வார். மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எறோலுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. வாசலில் அண்ணனைக் கண்டதும் வண்டியைத் திருப்பப் பார்த்தான்.

"எங்க போறாய்? காலக் கழுவிட்டு அந்தச் செருப்பப் போடு."

எறோல் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். புதுச் செருப்பைப் பார்த்தான்.

"என்ட அளவுதான். ஆரிட்டக் கேட்டு வாங்கினீங்க?"

"ஆரிட்டடா கேக்கணும்? சின்னனில ஒரு சோடிச் சப்பாத்தத்தானே, நான் முதல் பூசைக்கும் நீ ரெண்டாம் பூசைக்கும் போட்டுப் போனம். கடையில என்ட காலத்தான் வச்சுப் பாத்தன்."

எறோல் குனிந்து கால் கழுவினான். கழுவி முடித்த பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை.