தடங்கல் இல்லாமல்

கதவுக் கண்ணாடி வழியே ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தபோது சிறுமி மூன்றாவது பக்கத்தைப் புரட்டினாள். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. வகுப்பில் தன் பெயரைச் சொல்வதற்கே உதடு துடித்து நின்றுவிடும் பிள்ளை, கதவுக்கு முதுகைக் காட்டி சன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவருக்கு மடமடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் குறைந்து மூடவிருந்த பள்ளி அது. கீழ்த்தளத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஆளுக்கொரு பெரியவரிடம் அனுப்பலாம் என்பது ஆசிரியையின் யோசனை. அவர்கள் திருத்தமாட்டார்கள், மதிப்பெண் போடமாட்டார்கள், அவர்களுக்கும் பேச்சுத்துணை. இரண்டு வருடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பெரியவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுமி தடுமாறும்போதெல்லாம், "மெதுவா வாம்மா, வண்டி உன்ன விட்டுட்டுப் போயிடாது" என்பார்.

மாத்திரைத் தட்டோடு நர்ஸ் வந்தாள். ஆசிரியை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சிஸ்டர், கொஞ்ச நேரம். இப்பத்தான் புள்ள வாயத் திறந்திருக்கா."

நர்ஸும் எட்டிப் பார்த்தாள். "தலையச் சாச்சு எப்படிக் கேக்குறாரு பாருங்க. சரி, மத்த ரூம முடிச்சிட்டு வரேன்."

அரை மணி நேரம் கழித்துக் கதை முடிந்தது. "தாத்தா?" என்றாள் சிறுமி. அவள் இரண்டாம் முறை கூப்பிட்ட குரலைக் கேட்டு ஆசிரியை உள்ளே ஓடினாள். பெரியவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண்கள் விழித்திருந்தன.

உயிர் தப்பியது. வலப்பக்கமும் பேச்சும் போயின. "ஒரு அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று மருத்துவர் பாதியில் நிறுத்தினார்.

"நீங்க வாயத் திறக்காதீங்க டீச்சர்," என்றாள் நர்ஸ். "வெளிய தெரிஞ்சா எல்லாத்தையும் இழுத்து மூடிருவாங்க. இந்தப் புள்ளைங்க எங்க போகும்?" அக்கறையும் பயமும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன அதில்.

மறுவாரம் சிறுமி புத்தகத்தைத் திறக்கவே மறுத்தாள். எல்லோரும் போன பிறகு மேசையருகே வந்து நின்றாள்.

"நா... நான் நி... நிறுத்தாமப் படிச்சதாலதானா டீச்சர்?"

"இல்லடா கண்ணு."

யாரால் என்பதைச் சொல்லாமலே சிறுமியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

அன்று மாலையே ஆசிரியை மருத்துவமனைக்குப் போனாள். பெரியவரின் மகன் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"உக்காருங்க டீச்சர். அந்த நேரத்துல பக்கத்துல ஒரு குழந்தையாவது இருந்துச்சேன்னுதான் மனசத் தேத்திக்கிறேன்."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். அவள் உட்காரவில்லை.

"நர்ஸ் அப்பவே உள்ள போகப் பாத்தாங்க. நான்தான் தடுத்தேன். அவ படிக்கிறது நின்னுடக் கூடாதுன்னு."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்:

"அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும் டீச்சர்."

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். பெரியவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைமேல் கிடந்த இடக்கை சற்று எழும்பி, விரல்கள் அசைந்தன. வா என்கிறதா, போ என்கிறதா, தெரியவில்லை. மறுபடியும் அசைந்தன.