ரோசாலியாவுக்கு ஒரு பாராட்டு விழா

ஹொலிவூட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகிக்குக் கோப்பி கொண்டு வந்தவர், கதாநாயகனுக்குக் கதவு திறந்தவர், யாராவது செத்தால் முதலில் அலறியவர் ரோசாலியா. இருபத்தெட்டு வயதில், தன்னைவிட மூத்த நடிகருக்கு அம்மாவாகவும் நடித்தார். தொண்ணூறு தாண்டிய இப்போது, பெற்றோர் பிறந்த இத்தாலிய ஊரான பகேரியாவில் இருக்கிறார். கூட இருந்து பார்த்துக்கொள்பவள் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண் தங்கேஸ்வரி.

இத்தனை வருடமாக எட்டிப் பார்க்காத, பக்கத்து நகரமான பலெர்மோவின் திரைப்படக் கழகம் ஒன்றுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. பிரபலங்கள் எல்லோரும் செத்துப்போனதால், மிஞ்சியவருக்கு விருது. கழகத் தலைவர் பட்டுத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து, ரோசாலியாவின் கையில் முத்தமிட்டு அழைப்பு வைத்தார்.

விழா மேடையின் பெரிய திரையில் ஒரு கதாநாயகனின் முகம். ஓரத்தில் ரோசாலியாவின் பாதித் தோள். தலைவர் அந்த நடிகரின் அழகை வர்ணித்து முடித்து, ஒலிவாங்கியை நீட்டினார்.

"அந்த மாமனிதரோடு நடித்த பாக்கியத்தைப் பற்றிச் சொல்லுங்கள்."

"பாக்கியமா? அவருக்கு இரண்டு வரி மனப்பாடம் வராது. என் முதுகில் தாளை ஒட்டிவைத்து வாசித்தார். நான் முன்னால் நின்று அழுததால்தான் அவர் நடிக்கிறார் என்று நம்பினீர்கள்."

தலைவர் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன பயன்? மேடை நாடகத்தில் பழகிய அந்தக் குரல் கடைசி வரிசைவரை போனது.

"என் படங்களில் நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்."

தலைவர் உதவி தேடித் திரையைப் பார்த்தார். அதிலும் படத்தின் பெயர் இல்லை. பின்வரிசைகள் சிரித்தன, விருந்துக்காக வந்திருந்த முன்வரிசைக் கனவான்கள் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். ரோசாலியா போகலாம் என்று கைகாட்ட, தங்கேஸ்வரி அவருடைய சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளினாள்.

தங்கேஸ்வரியின் கணவர் ஞானசேகரம் வெளியே காரோடு நின்றார்.

"என்னப்பா, கெதியா முடிஞ்சுதே?"

"மனுசி மேடையிலை வச்சே அந்தத் தலைவரைக் கிழிச்சுப்போட்டா."

"பாவமெல்லே?"

"என்ன பாவம்? வீட்டை வந்த நேரம் பாத்தனான். சுவரிலை கிடந்த படங்களிலை இவ எங்கை நிக்கிறா எண்டுகூட அவருக்குத் தெரியேல்லை."

கார் கடற்கரை வீதியில் திரும்பியது. ரோசாலியாவின் கன்னங்கள் சிவந்திருந்தன. அடுத்த வருடமும் கூப்பிட்டால் போவீர்களா என்று தங்கேஸ்வரி இத்தாலியனில் கேட்டாள்.

"கட்டாயம் போவேன்," என்றார் ரோசாலியா. "கதாநாயகிகளைப் பற்றி நான் இன்னும் தொடங்கவே இல்லையே."