தூக்கிக் கொடுத்த தனிப்பாட்டு

என் பேத்தியின் தொண்டையில் இருந்த குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சிறுமியின் வாயிலிருந்து வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து நின்று கேட்டன. புறா எப்போதும் நின்றுகொண்டுதானே இருக்கும் என்பவர்கள் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். நம்பாத ஒரே ஆள் என் மச்சான், ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். "ஆயுசு பூரா ரயில்ல கார்டா இருந்து, விசில் ஊதி ஊதி உங்க காது போயிடுச்சு அத்தான்" என்று வாசலிலேயே அடித்துச் சொல்லிவிட்டான்.

எட்டு வயதான என் பேத்தியை வீட்டில் பட்டாசு என்போம். சிறுவர் ஞாயிறுக்குத் தனிப்பாட்டு தனக்குத்தான் என்று பாடிப் பாடியே வீட்டுக் கண்ணாடியைத் தேய்த்துவிட்டாள். ஆனால் மச்சான் பிடித்தது சபைக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமியை. அவளுக்குக் 'குயில்' என்று பட்டம் வேறு. பட்டாசுக்கு எரிந்த வயிற்றில் தெருவுக்கே வெந்நீர் போட்டிருக்கலாம். எனக்கு மட்டும் குளுகுளுவென்றா இருந்தது? சொந்த அக்கா பேத்தியை விட்டுவிட்டு ஊரான் பிள்ளைக்குப் பாட்டா? என் வயிற்றில் கரி எஞ்சினே ஓடியது.

அந்த வாரம் பார்த்து என் மருமகளின் பிஸ்கட் டின் வந்தது. அவள் ஞாயிறு பள்ளி டீச்சர். டின்னுக்குள் பிள்ளைகளின் பெயர்ச் சீட்டுகள் கிடக்கும். யார் சீட்டு கையில் வருகிறதோ, அவருக்காக ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னால் வாய்விட்டு நன்றி சொல்லி ஜெபிக்க வேண்டும். பட்டாசு கையை விட்டாள். குயில் வந்தாள்.

"வேற எடுத்துக்கறேம்மா."

"முடியாது. இயேசப்பா குடுத்தது."

"அவரும் அவ பக்கந்தானா?"

முதல் ஜெபம் இப்படி இருந்தது: "இயேசப்பா, அவளுக்கு நல்ல குரல் குடுத்ததுக்கு நன்றி. ஆனா கொஞ்சம் ஓவரா குடுத்துட்டீங்க. ஆமென்." மறுநாள், "அவ ரிப்பனுக்கு நன்றி. ரிப்பனுக்கு மட்டும்தான்." நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு குலுங்கினோம்.

தினமும் நன்றி சொல்ல ஏதாவது வேண்டுமே! அதற்காகவே குயிலைக் கவனிக்க ஆரம்பித்தாள், போலீஸே தோற்றது. வார நடுவில் ஜெபம் நீண்டது. "அவ அப்பா லாரி ஓட்டறாரு. எப்பவாச்சும்தான் வருவாராம். பாட்டு கேக்க ஞாயித்துக்கிழமை வர்றாரு. அவளுக்கு அப்பா இருக்கறதுக்கு நன்றி. பத்திரமா கூட்டிட்டு வாங்க." மருமகள் கண்ணைத் துடைத்தாள். நான் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டைத் துடைத்தேன்.

சனிக்கிழமை முழுக்க மச்சான் குயிலைப் பாடவைத்துப் பிழிந்தெடுத்தான். ஞாயிறு காலை அவள் வாயைத் திறந்தால் எண்ணெய் காணாத கதவின் சத்தம். "சரி, பட்டாசு பாடட்டும்" என்றாள் மருமகள், வேறு வழியில்லாமல். பட்டாசு குதித்த குதியில் ஆலயம் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் என் இல்லாத மீசையை முறுக்கினேன்.

அப்போது லாரிக்காரர் வந்தார். ராத்திரியெல்லாம் ஓட்டிச் சிவந்த கண். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. முன்வரிசையில் உட்கார்ந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குயில் சுவரோரம் நின்று அழுதாள். அழுவதற்குக்கூடச் சத்தம் வரவில்லை.

பட்டாசு அவளைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். மறுபடியும் மைக்கைப் பார்த்தாள், பசித்தவள் தட்டைப் பார்ப்பது போல. பிறகு விறுவிறுவென்று போய்க் குயிலின் காதில் என்னவோ சொன்னாள். அடுத்து நான் கண்டது: மைக் முன்னால் குயில், பீரோ உயர ஆர்கனுக்குப் பின்னால் மறைகிற என் பேத்தியின் கவுன் நுனி.

பாட்டு எழுந்தது. எங்களுடையது சின்ன ஆலயம். மூலையில் பாடினாலும் நடுவில் வந்து விழும். மருமகள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். குயிலின் உதடு அசைந்தது. லாரிக்காரரின் தோள் குலுங்கியது.

முடிந்ததும் அவர் மகளை அப்படியே தூக்கிக்கொண்டார். சபை மொத்தமும் குயிலைச் சூழ்ந்தது. முட்டியெல்லாம் தூசியாக வெளியே வந்த பட்டாசின் தலையை ஒருவரும் தொடவில்லை. அவள் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன்.

மதியம் மச்சானும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தான்.

"வெந்நீர் குடிச்சா, தொண்டை திறந்துக்கிச்சு. என் டிரெய்னிங் அப்படி!"

"டேய், பாடுனது இவடா!"

"யாரு, இவளா? மிட்டாய் சுத்துன காகிதத்தக்கூட விட்டுக்குடுக்க மாட்டா. அளக்காதீங்க அத்தான்."

பட்டாசு கை கூப்பினாள்.

"இயேசப்பா, அவ அப்பா பத்திரமா வந்ததுக்கு நன்றி. அவரு சிரிச்சதுக்கும் நன்றி. எனக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்கு. அதையும் எடுத்துக்கோங்க. அவசரம் இல்ல, மெதுவா எடுத்துக்கோங்க. ஆமென்."

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தோம். மச்சான் கை மட்டும் தட்டிலேயே நின்றது. யாரையும் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என் ஆர்கனுக்குப் பின்னாடி இருந்துதான் அத்தான் பாடுனா. ரெண்டாவது சரணத்துல தூசிக்குத் தும்மிட்டா. வெளிய கேட்டுடக் கூடாதேன்னு நான்தான் ஆர்கனை ஓங்கி அமுக்கினேன்."