பிறிட்ஜுக்குள் சாவி

"சாவியை மீன்குழம்புக்குப் பக்கத்திலயோ வைக்கிறது? கார் முழுக்க மணக்கப்போகுது," என்றேன்.

"மணக்கட்டும். சாப்பாட்டை மறக்கமாட்டன்," என்றார் என் கணவர் ஜஸ்ரின். பிறிட்ஜின் முட்டைத் தட்டில், மூலைக் குழியிலிருந்த கார்ச் சாவியையும் கீழேயிருந்த சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். "போட்டு வாறன், பேர்ணடெற்."

அன்று காரை நிறுத்திவிட்டு அஜக்ஸ் ரயில் நிலையத்தில் படியேறும்போது விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாவிப் பழக்கம் அவருடைய வேலையில் வந்தது. நகரத்து யூதச் சமூகத்தின் ஆவணக் காப்பகத்துக்காக முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். பிறிட்ஜின் இரைச்சல் பதிவில் விழுமென்று அவர்கள் வீட்டில் அதை நிறுத்திவிடுவார். திரும்பப் போட மறக்காமலிருக்கத் தன் சாவியை அதற்குள் வைப்பார்.

"போலந்தில ஒரே ஊர் ஆக்கள் இஞ்ச வந்து சங்கம் வைச்சு, சவக்காலைக்குக் காணியும் வாங்கியிருக்கினம். பிறகு சண்டை பிடிச்சு இரண்டு சங்கம். அப்பிடியே எங்கட ஆக்கள்தான்!" என்று சிரிப்பார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் எனக்கு அவர் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. மகள் ஸ்டெபனி அவருடைய போன் இணைப்பை நிறுத்தியிருந்தாள். எடுக்காதபோது "செய்தி விடுங்கள்" என்று அதில் சொல்லும் அவர் குரலும் அதோடு போய்விட்டது. மகள் சின்ன வயதில் கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளின் வீடியோவைப் போட்டேன். வீடியோக்காரர் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டுச் சேர்த்திருந்தார். எங்கள் எல்லா வீடியோக்களும் அப்படித்தான். ஜஸ்ரின் வாயசைக்கிறார், பாட்டுக் கேட்கிறது.

வீட்டில் இருக்க முடியவில்லை. பக்கத்து ஊரான விட்பி வரை காரை ஓட்டிப்போய் எங்கும் இறங்காமல் திரும்புவேன். ஒருநாள் திரும்பாமல் காப்பகத்துக்கே போனேன்.

அங்கே டெவோரா என்ற அலுவலர் ஜஸ்ரினின் குரல் விழுந்த பதிவைத் தேடிப் பார்த்தார். மற்றப் பதிவுகளில் கேள்வி கேட்டது வேறு ஆள். ஜஸ்ரின் கருவியோடு மட்டும் இருந்தவர். அவர் தனியே போனது ஒரேயொரு பதிவுக்கு. அதில் தன் கதையைச் சொன்ன செல்டா என்ற மூதாட்டி, தான் உயிரோடிருக்கும்வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்.

"அவரிடமே கேட்டுப் பாருங்கள்," என்றார் டெவோரா. செல்டாவுக்குப் போன் செய்து, நான் அவர் வீட்டுக்குப் போகச் சம்மதம் வாங்கித் தந்தார்.

செல்டாவுக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். கதவடியிலேயே சொன்னார்: "என் தங்கை சங்கத்தை உடைத்த கதை அது. அவள் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். தரமாட்டேன்."

"உங்கள் கதை வேண்டாம். கேள்வி கேட்ட மனிதரின் குரல் போதும். என் கணவர்."

"என் ஐஸ்கிறீமை உருகவைத்தவரா?" என்று சிரித்தார். பிறகுதான் என் கறுப்புச் சட்டையைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தி, உள்ளே கூப்பிட்டு, கதிரையை என் பக்கம் தள்ளினார். "தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். தங்கை வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிரதி எடுக்கக்கூடாது."

காப்பகத்தில் டெவோரா எனக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். முதலில் இரைச்சல். பிறிட்ஜ் கதவு திறந்து மூடியது. இரைச்சல் நின்றது. ஜஸ்ரின் தொண்டையைச் செருமினார்.

"குரல் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறேன். இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?" அவருடைய ஆங்கிலம், யாழ்ப்பாணத்து இழுவையோடு.

"பாண் ரோஸ்ற். நீங்கள்?"

"இடியப்பம். மனைவி அவித்தது. கொஞ்சம் காய்ந்துபோச்சு."

"என் தங்கையும்..." என்று செல்டா தொடங்க, டெவோரா நிறுத்தினார்.

"காய்ந்துபோச்சாம்!" என்று நான் தமிழில் சத்தமாகச் சொன்னேன். டெவோராவுக்கு விளங்கவில்லை. ஆனால் நான் கேட்காமலே திரும்பவும் போட்டார்.

வரும் வழியில் முட்டை வாங்கினேன். தட்டில் அடுக்கினேன். அவர் சாவி வைக்கும் மூலைக் குழியை மட்டும் வெறுமையாக விட்டேன். ஒரு முட்டை எப்போதும்போலப் பெட்டியிலேயே மிஞ்சியது.