சந்தைப் பாத்தி

"அந்தப் பாத்தியில ஏன்டி பறிச்ச?" என்று அவர் மனைவியின் கையைத் தட்டிவிட்டார். கத்தரிக்காய்கள் அடுப்படி முழுக்க உருண்டன. "அது சந்தைக்குப் போறது. நேத்துதான் பூச்சிமருந்து அடிச்சிருக்கு. விருந்தாளிக்குப் போய் அதையா வைப்ப?"

"ஊரே இதைத்தானே சாப்பிடுது," என்றாள் அவள்.

அவரைத் தெருவில் மைக்செட் என்பார்கள். சாயப்பட்டறைக் கழிவு வாய்க்காலில் கலந்து தெருக்குழாய் வரைக்கும் வந்துவிட்டதென்று ஊரைக் கூட்டிப் போராடுகிறவர். "நம்ம பிள்ளைங்களுக்கு விஷம் வைக்கிறாங்க" என்று அவர் முழங்கினால் கல்லும் கரையும். முழங்கிவிட்டு நேரே தோட்டத்துக்குப் போய் மருந்தடிப்பார். சந்தைப் பாத்திக்கு மருந்து, வீட்டுப் பாத்திக்குத் தொழு உரம். இதில் அவருக்கு ஒரு நாளும் உறுத்தல் இருந்ததில்லை. ஊரான் வயிறு வேறு, தன் வயிறு வேறு அல்லவா?

அன்று விருந்துக்கு வந்தவர் அந்தச் சாயப்பட்டறை முதலாளியேதான். சமாதானம் பேச வந்த மனிதர் கையோடு ஒரு தண்ணீர் கேனும் கொண்டுவந்திருந்தார். மைக்செட் நீட்டிய தம்ளரை அவர் தொடவில்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. வெளித்தண்ணி எனக்கு ஒத்துக்காது."

வெளித்தண்ணியாம்! அவருடைய பட்டறைத் தண்ணீர்தான் அது. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சாதிக்கிற தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சமாதானம் முடிந்தது. மைக்செட் வீட்டுக்குத் தினமும் கேன் தண்ணீர் வரும். முதலாளி வீட்டுக்கு வீட்டுப் பாத்திக் காய் போகும். தண்ணீர்ப் புகார் பற்றி மறுநாள் அதிகாரி நடத்தும் விசாரணையின்போது மைக்செட்டுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

முதலாளி கிளம்பியதும் மனைவி வந்து நின்றாள். "நம்ம பொண்ணுக்கும் ஒரு கேன் சொல்லியிருக்கலாம்ல."

மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது நாலு வீடு தள்ளித்தான். இரண்டு முறை கரு தங்கவில்லை, இது மூன்றாவது. குடிக்கிறதிலும் சாப்பிடுறதிலும் கவனமாக இருக்கச் சொல்லி டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அவள் குடிப்பது தெருக்குழாய்த் தண்ணீர், சமைப்பது சந்தைக் காய்.

"கட்டிக்கொடுத்தாச்சு. இனி அவ அந்த வீட்டுப் பொறுப்பு," என்றார் மைக்செட். "ஆளாளுக்குக் கேன் கேட்டா அந்த மனுஷன் என்ன நினைப்பார்?"

தாலி ஏறியதும் பெண்ணின் உயிரும் கைமாறிவிடும் என்று எந்தப் புண்ணியவான் விதித்தானோ தெரியாது. மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அவர் முழங்க ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது.

மறுநாள் மைக்செட் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார். அவள் விசாரணைக்குப் போனாள். அதிகாரியின் மேசைமேல் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரையும் நாலு கத்தரிக்காயையும் வைத்தாள்.

அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லேசா நிறம் இருக்கு. பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல. இந்தக் காய் எதுக்கும்மா?"

"ரெண்டையும் சோதிச்சுப் பாருங்க சார். தண்ணி பட்டறைக்காரர் குடுக்கிறது. காய் எங்க வீட்டுக்காரர் குடுக்கிறது. மருந்தடிச்ச மறுநாளே பறிச்சுச் சந்தைக்கு அனுப்புவோம். நாங்க அதைத் தொடமாட்டோம், எங்களுக்குத் தனிப் பாத்தி இருக்கு. எம் பொண்ணுக்கு ரெண்டும்தான் உள்ளே போகுது, முழுகாம இருக்கா."

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதே காய்தான். முதலாளி வாசல் பக்கம் நகர்ந்தார்.

அதுவரை கொட்டாவியோடு எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா," என்று குரலைத் தாழ்த்தினார், "நேத்து உங்க வீட்டுக்காரர் என் வீட்டுக்கு ஒரு கூடை காய் குடுத்துவிட்டாரே. ராத்திரி பிள்ளைங்களோட எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம். அது எந்தப் பாத்தி?"

"தெரியலைங்க சார்," என்றாள் அவள். "மிச்சம் இருந்தா கொண்டுவரச் சொல்லுங்க. சேர்த்துச் சோதிச்சிரலாம்."