வலப்பக்கம் திரும்பாத சைக்கிள்

எனக்கு வலப்பக்கம் திரும்பத் தெரியாது என்பது எனக்கே அன்று காலையில்தான் தெரிந்தது. இடிந்த புத்த விகாரைகளைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கும் ஒருநாள் பயணம் அது. முதல் வளைவில் எல்லோரும் வலப்பக்கம் போனார்கள். நான் மட்டும் நேராகப் போய் ஒரு புதருக்குள் நுழைந்தேன்.

"என்னாச்சு?" என்று முன்னாலிருந்து நாத்தனார் கத்தினார்.

"பூ பாக்குறேன் அண்ணி!"

அந்தப் புதரில் மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை.

முள்ளை எடுத்துக்கொண்டே யோசித்ததில் காரணம் உறைத்தது. நான் சைக்கிள் பழகியது எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில். அங்கே தரையெல்லாம் வெள்ளை அம்புக்குறி, எல்லாமே இடப்பக்கம் பார்த்து. அம்புக்குறிக்கு எதிரே வந்தால் எங்கள் காவலாளி ஆண்டவனே ஆனாலும் விடமாட்டார். அதனால் மாசக்கணக்கில் செக்குமாடு மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கிறேன். இடப்பக்கம் என்றால் கை தானாக வளைகிறது. வலப்பக்கம் என்றால் மரக்கட்டை.

இதை வெளியே சொல்ல முடியுமா? நான் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். லேப் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "நான் கொண்டுபோய் விடுறேம்மா" என்கிறான் மகன். தங்கமான பிள்ளைதான். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. அப்பா, அண்ணன், கணவர் என்று யார் முதுகுக்குப் பின்னாலாவது உட்கார்ந்தே ஐம்பது வயது ஓடிவிட்டது. பின்சீட்டில் இருப்பவளுக்கு முன்னால் தெரிவது ஒரு சட்டை மட்டும்தான்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நானே சைக்கிள்ல போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் உடனே ஒரு நிபந்தனை போட்டான். அத்தையோடு, அதாவது என் நாத்தனாரோடு, இந்தப் பயணம் போக வேண்டும். பின்னால் வரும் வேனில் ஏறாமல் நாள் முழுக்க ஓட்டி முடிக்க வேண்டும். அத்தை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் கழுத்தில் விசில் தொங்கும். அவர் வாயால் சரி என்று சொன்னால்தான் அவன் நம்புவானாம்.

வேன் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. களைத்துப்போனவர்களை ஏற்றிக்கொள்ளத்தான் அது. நான் கொஞ்சம் தள்ளாடினாலும் போதும், டிரைவர் கதவை லேசாகத் திறந்து மூடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். வலப்பக்கம் போக வேண்டிய இடத்தில் இடப்பக்கமாகவே பெரிதாக முக்கால் வட்டம் போட்டால், கடைசியில் வண்டி வலப்பக்கம் பார்த்து நிற்கும்! இடம் விசாலமாக இருந்தால் வட்டம். குறுகலாக இருந்தால் இறங்கி, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி வண்டியை உருட்டிக்கொண்டு திரும்புவது.

ஆனால் அந்தக் காலைப் பொழுதை என்னவென்று சொல்வேன்! பார்க்கத் தோன்றிய இடத்தில் நின்று பார்த்தேன். பின்சீட்டுக்காரிக்கு இது வாய்த்ததே இல்லை. "அதோ பாருங்க" என்று சொல்வதற்குள் அது பின்னால் போயிருக்கும். இங்கே பிரேக் என் கையில்! சுவரெல்லாம் விழுந்து நிலைக்கல் மட்டும் தனியாக நின்ற ஒரு வாசலில் உள்ளே போனேன், வெளியே வந்தேன், திரும்பவும் உள்ளே போனேன். உள் என்று ஒன்று இருந்தால்தானே! பிட்சுகள் படுத்த அறையில் தலைமாட்டுக்குக் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருந்தார்கள். படிக்கட்டின் அடியில் அரைவட்டக் கல், அதில் வரிசையாக அன்னங்கள். எல்லாம் ஒழுங்காக முன்னால் பார்க்க, ஒன்று மட்டும் திரும்பிப் பின்னால் வருகிறதைப் பார்க்கிறது. செதுக்கியவனுக்கு என்ன குறும்பு! மரத்தடியில் புத்தர் உட்கார்ந்திருந்தார். மூக்கு போயிருந்தது, ஒரு கை போயிருந்தது, சிரிப்பு போகவில்லை. நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டேன்.

"ஒவ்வொரு கல்லுக்கும் நின்னா பொழுது சாஞ்சிடும்" என்றார் நாத்தனார்.

"சாயட்டும் அண்ணி!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கே திக்கென்றது. அவர் விசிலை வாய்வரை கொண்டுபோய்விட்டு இறக்கினார்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது நாத்தனாரிடம் மாட்டிக்கொண்டேன்.

"அது என்ன, போற எடத்துலயெல்லாம் ஒரு வட்டம் போடுறே? முட்டையிட எடம் தேடுற கோழி மாதிரி?"

மென்று விழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வழிகாட்டி எல்லோரையும் கூப்பிட்டார். "கடைசியா பெரிய ஸ்தூபி. சுத்தி மண் பாதை இருக்கு. ஸ்தூபி எப்பவும் நம்ம வலது கைப்பக்கம் இருக்கணும். யாரும் எதிர்ப்பக்கமா சுத்தக் கூடாது."

வலது கைப்பக்கம் என்றால் சுற்று முழுக்க வலது வளைவு. என் வட்ட வித்தையெல்லாம் அங்கே பலிக்காது.

"நீ வேன்ல ஏறிக்கோ" என்றார் நாத்தனார். அதட்டவில்லை, ஆதரவாகவே சொன்னார். "விழுந்து கையக் கிய்ய ஒடச்சிக்கிட்டா அப்புறம் லேப்புக்கே போக முடியாது. உன் பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

டிரைவர் கதவை இந்தத் தடவை முழுசாகத் திறந்தார். உள்ளே சீட் மெத்தென்று இருந்தது. ஏறினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஏறினால் இனி நான் சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்றும் தெரியும். லேபில் ஊசிக்குப் பயந்து வருகிறவர்களிடம் "ஒண்ணுமில்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பேன். அந்த எறும்பு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"நான் ஓட்டுறேன் அண்ணி" என்றேன். மிதித்தேன்.

கையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். சக்கரம் நேராகப் பாதையோரப் பள்ளத்தைப் பார்த்து இழுத்தது. அப்போது மரங்கள் விலகின.

வலப்பக்கம் வானத்தையே காணோம். முழுக்கச் செங்கல். கோபுரமா, குன்றா என்று தெரியாமல் வயிறு பருத்து மேலே மேலே போனது. உச்சியில் புல் காற்றில் ஆடியது. ஒரு மூலையில் மட்டும் பழைய சுண்ணாம்புப் பூச்சு மிச்சமிருந்து வெயிலில் மின்னியது. இத்தனை செங்கல்லையும் மனுஷக் கைதானே அடுக்கியது! கழுத்து வலிக்கப் பார்த்தேன். கையை மறந்தேன், பள்ளத்தை மறந்தேன். அடுத்த செங்கல் வரிசை, அதற்கடுத்தது என்று கண் போன பக்கமே போய்க்கொண்டிருந்தேன்.

முன்னால் ஓடிக்கொண்டிருந்த என் நிழலைக் காணவில்லை. தேடினேன். அது எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அப்படியென்றால் நான் திரும்பியிருக்கிறேன்! பாதிச் சுற்று வந்துவிட்டேன், அதுவும் வலப்பக்கமாக! "ஏய்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று தெரியாது. சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். முன்னால் போன வழிகாட்டி பதிலுக்கு மணியடித்தார்.

சுற்று முடிந்ததும் மற்றவர்கள் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். நாத்தனார் விசிலடித்தார். நான் நிற்கவில்லை.

மறுபடி அந்த இடத்துக்கு வந்தபோது அவர் காதில் போன் இருந்தது. அந்தப் பக்கம் என் மகன் என்று அவர் கத்திய கத்தலிலேயே தெரிந்தது.

"வேன்லயா? யாரு, உங்கம்மாவா? மொதல்ல அவள சைக்கிள்ல இருந்து எறக்குறதுக்கு வழி சொல்லுடா! விசிலடிச்சாலும் நிக்க மாட்டேங்கிறா!"

கடந்து போன பிறகு மீதி முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"திங்கக்கிழமையா? நீ எதுக்குடா கொண்டுபோய் விடணும்? நீ பேசாம தூங்கு!"

நான் மூன்றாவது சுற்றுக்கு வண்டியை வலப்பக்கம் வளைத்தேன்.