ஒன்பது மணிக்கு இரண்டு பேர்

தேர்வு நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவள் வந்து உட்கார்ந்தபோது இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி இருந்தது.

யாருக்கு எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக அவள் பிழைப்பு. பயந்தாங்கொள்ளிகளுக்குக் காலையில் முதல் நேரம். காக்க வைத்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். கடைக்காரர்களுக்கு வியாபாரம் ஓய்ந்த மதியம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் என்றால் ஒரே மணியில் போடுவாள், ஒரு நடையில் முடியட்டும் என்று. அந்தப் பழக்கம்தான் இப்போது அவளைக் குழியில் தள்ளியிருந்தது.

மகள் எழுதப்போகும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே பணம் கட்டினாள். மகளுக்கு வியாழக்கிழமை காலை ஒன்பது மணியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள், தனக்கும் கை போன போக்கில் அதையே தட்டினாள். சேர்ந்தே போகலாம், வாசலில் வைத்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. எந்த மையம் என்பதைக் கணினி முடிவு செய்யும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. நேற்று நுழைவுச் சீட்டு வந்தது. மகளுக்கு ஊரின் வடக்குக் கோடி. அவளுக்குத் தெற்குக் கோடி.

மகளை அப்பாவோடு அனுப்பிவிடலாம்தான். ஆனால் போன மாதம் பயிற்சி மையத்தில் நடந்த மாதிரித் தேர்வில் அந்தப் பெண்ணுக்குக் கை விறைத்துப்போனது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள். கீழே கேட்டுக்கு வெளியே அம்மா நிற்பதைப் பார்த்தாள். திரும்பிப் போய் மீதியை எழுதினாள். "நீ கேட்டுல நின்னா போதும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று அன்று சொன்னதை அதற்குப் பிறகு தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஒரே வழி, தன் நேரத்தை மாற்றுவது. கைபேசியில் தேர்வுப் பக்கத்தைத் திறந்தாள். எல்லா நாட்களும் இடம் நிரம்பிச் சாம்பல் நிறத்தில் கிடந்தன. புதன்கிழமை மதியம் மட்டும் பச்சை. ஒரே ஒரு இடம்.

விரல் திரைக்குப் போனபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். ஒரு கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"தங்கச்சி, உயிர் போகுது."

"அண்ணே, உங்களுக்கு அடுத்த வாரம்தானே போட்டிருக்கேன்?"

"அடுத்த வாரம் நான் இருந்தாத்தானே!"

உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல் கொடுத்தாள். "யாரது, அந்த டாக்ஸிக்காரரா? ரோட்டுல அடுத்தவன் வண்டிக்கு வழியே விட மாட்டாரு, இங்க மட்டும் நடுவுல புகுந்துருவாரு. சரி, அனுப்பு. நீயும் கொஞ்சம் வா, உதவிக்கு வர்ற பொண்ணு இன்னைக்கு லீவு."

சொத்தையைச் சுத்தம் செய்து டாக்டரம்மா பசையை அடைத்தாள். உதவிக்கு நின்ற அவள் நீல விளக்கைப் பிடித்தாள். சில நொடிகளில் பசை கல்லாக இறுகியது. எத்தனையோ முறை பார்த்ததுதான். வெளிச்சம் பட்டால் ஏன் இறுகுகிறது என்று ரொம்ப நாளாக அவளுக்குள் ஒரு கேள்வி. மகளின் வேதியியல் புத்தகத்தில் பாதி பதில் கிடைத்தது. மீதிப் பாதி கல்லூரியில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட, வேலைக்கு வந்தவள் அவள். இவ்வளவு நாள் கழித்து ஆசை எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டால், அந்தப் பாதி பதில்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது புதன்கிழமை மதியமும் சாம்பல் நிறமாகியிருந்தது.

அதன் பிறகு ஐந்து மணி வரை பத்து நிமிடத்துக்கொரு முறை பார்த்தாள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தானதும் அந்தப் பக்கமே மூடிக்கொண்டது. போகாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊமை கண்ட கனவாக அது தன்னோடு போகும். பேருந்தில் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அது ஆறுதலாக இருந்தது, இருந்தும் கைபேசியில் நுழைவுச் சீட்டைத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

வீட்டில் கணவன் சட்டைக் கையில் கிரீஸ் கறையோடு வியாழக்கிழமைத் திட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.

"ஏழு மணிக்குக் கிளம்புங்க. முதல் பஸ்ஸ விட்டாலும் அடுத்தது இருக்கு. வேணும்னா நானும் லீவு போடறேன்."

"ஐயோ, வேணாம்பா" என்றாள் மகள். "அந்தக் கட்டடத்துல லிஃப்ட் சரியில்லேன்னா ஸ்பேனரத் தூக்கிட்டுப் போயிருவீங்க. அம்மா போதும்."

"பாத்தியா, என்னையச் சேத்துக்க மாட்டேங்குறா, உன்னைத்தான் நம்பறா."

அவள் சிரித்தாள். சிரிப்பு கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"வாம்மா, கேள்வி கேளு" என்று மகள் புத்தகத்தை நீட்டினாள். தினசரி வழக்கம். இடது பக்கம் கேள்வி, வலது ஓரத்தில் பொடி எழுத்தில் விடை. அவள் விடை வரிசையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேள்விகளை வாசித்தாள். நான்கைந்துக்கு மகள் சடசடவென்று சொன்னாள். அடுத்ததில் மாட்டிக்கொண்டாள். ஒரு வினையின் வேகம், வெப்பம் கூடினால் எத்தனை மடங்காகும் என்ற கணக்கு.

"நாலு... இல்ல, எட்டா?"

"பத்துப் பத்து டிகிரியா மூணு தடவ ஏறுது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்கு. எட்டுதான்."

"பாத்துச் சொல்லாதம்மா! நானே கண்டுபிடிச்சிட்டிருக்கேன்ல?"

"பாக்கலடி."

மகள் அவள் கையைப் பார்த்தாள். உள்ளங்கை விடைகளின் மேல் அப்படியே இருந்தது. மகள் அதைத் தூக்கி, அடியில் பார்த்தாள். எட்டு.

"நேத்தும் இப்படித்தான் சொன்ன. நீ விடையப் பாத்துட்டுச் சொன்னதா நெனச்சேன்." மகளின் குரல் மாறியிருந்தது. "எப்பவும் கைய வெச்சு மூடிக்கறியே, யாருக்காக மூடற? நான் எதிர்ப்பக்கம்தானே உக்காந்திருக்கேன். எனக்கு எப்படியும் தெரியாது."

கணவன் துணியால் விரலைத் துடைப்பதை நிறுத்தினான். "அதானே? யாருக்கு மறைக்கற?"

ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். பழக்கம் என்று சொல்லலாம். அடுத்த கேள்வியை வாசிக்கலாம். புத்தகத்தைப் பார்த்தாள். எழுத்து ஓடவில்லை. எதிரில் மகளின் முகம் பயந்துபோனது போலவும் இருந்தது, எதையோ எதிர்பார்ப்பது போலவும் இருந்தது.

"குட்டி, வியாழக்கிழமை நான் உன்கூட கேட்டுல நிக்க முடியாது."

"ஏன்? டாக்டரம்மா லீவு குடுக்கலையா?"

"குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்னம்மா?"

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நோயாளிகளுக்கு நேரம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில ஒம்போது மணிக்கு, ஊருக்கு அந்தக் கோடியில, எனக்கும் அதே பரீட்சை இருக்கு."